பெல் 206: கணினித் திரையில் இன்னும் பறக்கும் ஒரு பழைய ஹெலி

ஹெலிகொப்டர் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் சத்தம். நின்று வடிவம் பார்த்தவர்கள் குறைவு. சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கியவர்கள்தான் அதிகம். பெயரோ, பிறந்த இடமோ, வேலை செய்யும் விதமோ தெரியாமலே வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறை ஹெலிகளைக் காதால் வகைபிரிக்கக் கற்றுக்கொண்டது.

இப்போது அதே வீடுகளில் வளரும் பிள்ளைகள் அவற்றைக் கணினியில் ஓட்டுகிறார்கள். என் அக்காவின் மகன் உயர்தரம் படிக்கிறான். அவனுடைய கணினியில் பாடக் குறிப்புகளை விடப் பெரிய இடத்தைப் பிடித்திருப்பது ஒரு பறப்பு சிமுலேற்றர். அதில் அவனுக்குப் பிடித்தது பெல் 206 ஜெட்ரேஞ்சர். "சித்தி, இது எங்கட பக்கமும் பறந்ததோ?" என்று கேட்டான். அதற்குப் பதில் தேடப் போய்ச் சேர்த்தவைதான் கீழே உள்ளவை. இந்த இயந்திரம் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவனுக்கான நேரடிப் பதில்: ஆம், இலங்கையில் பறந்தது. 1971 இல் தெற்கில் ஜே.வி.பி கிளர்ச்சி நடந்தபோது இலங்கை விமானப்படையிடம் ஜெட்ரேஞ்சர்கள் இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டுகளில் அதே விமானப்படையின் ஹெலி அணி, ஹெலிடூர்ஸ் என்ற பெயரில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறந்தது. எண்பதுகளில் எங்கள் தலைகளுக்கு மேலே வட்டமிட்டவை பெரும்பாலும் இதன் பெரிய உறவினர்களான பெல் 212, பின்னர் பெல் 412. மூன்றும் ஒரே கொம்பனியின் பிள்ளைகள். சின்னதைப் புரிந்துகொண்டால் பெரியவை இரண்டையும் புரிந்துகொள்ளலாம்.

தோற்றுப்போன போட்டியில் பிறந்தது

1960 இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய நோட்ட ஹெலிகொப்டருக்குப் போட்டி அறிவித்தது. தாழப் பறந்து எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. இறுதிச் சுற்றில் பெல், ஹியூஸ், ஹில்லர் என்று மூன்று கொம்பனிகள் நின்றன. பெல்லின் மாதிரி 1962 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. பார்க்க அழகில்லாதது, பின் இருக்கையில் இடம் போதாதது என்று அதற்குப் பெயர். 1965 இல் ஹியூஸ் வென்றது. மிகக் குறைந்த விலையைக் கேட்டு வென்றது என்பது அப்போதே பேசப்பட்ட விடயம்.

பெல் தன் மாதிரியைக் கைவிடவில்லை. இயந்திரத்தையும் சுழலியையும் வைத்துக்கொண்டு உடலை மட்டும் புதிதாக வரைந்தது. மூக்குக் கூர்மையாகி, உடல் மெலிந்து வால் வரை ஓடும் அந்த வடிவம் 1966 ஜனவரியில் பறந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பொதுப் பாவனைக்கான சான்றிதழும் பெற்றது. இராணுவத்துக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்ட இயந்திரத்தை வைத்தியசாலைகளும், தொலைக்காட்சி நிலையங்களும், எண்ணெய்க் கொம்பனிகளும், பொலிசும் வாங்கத் தொடங்கின.

அதற்குள் ஹியூஸ் விலையை உயர்த்தியது, உற்பத்தியும் பிந்தியது. இராணுவம் போட்டியை மறுபடி திறந்தது. 1968 மார்ச்சில் பெல்லுக்கு ஒப்பந்தம் கிடைத்தது, 2,200 ஹெலிகளுக்கு. அப்படித்தான் ஜெட்ரேஞ்சர் ஓ.எச்-58 என்ற பெயரில் சீருடை அணிந்தது. கடற்படை ஏற்கெனவே ரி.எச்-57 என்ற பெயரில் பயிற்சிக்கு வாங்கியிருந்தது. குடும்பம் முழுவதையும் சேர்த்தால் 7,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன.

ஓ.எச்-58க்கு இராணுவம் வைத்த பெயர் கயோவா. அமெரிக்கப் பூர்வகுடி மக்களில் ஓர் இனத்தின் பெயர் அது. 1874, 1875 ஆம் ஆண்டுகளில் அதே அமெரிக்க இராணுவம் அந்த மக்களோடு போரிட்டு அவர்களை ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் அடைத்தது. தோற்கடித்த மக்களின் பெயரைத் தன் ஹெலிகளுக்கு வைப்பது அந்த இராணுவத்தின் நீண்ட வழக்கம். அதை மரியாதை என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் அதை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் மேலே படிக்காமல் இருந்தேன்.

உள்ளே என்ன இருக்கிறது

ஜெட்ரேஞ்சர் ஐந்து பேர் இருக்கும் சின்ன இயந்திரம். வெறும் உடலின் எடை முக்கால் தொன்னைச் சற்றுத் தாண்டும். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 1,451 கிலோ வரை தூக்கலாம். அதன் உயிர் அலிசன் 250 என்ற டர்பைன் இயந்திரம். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடைதான் இருக்கும், ஆனால் பிந்திய வகைகளில் 420 குதிரைவலு தரும். சுழலிக்குப் போகும் பற்சக்கரப் பெட்டியோ 317 குதிரைவலுவுக்கு மேல் தாங்காது. மிச்சம் வீணா என்று கேட்கலாம். வெப்பமான நாளிலும் உயரமான இடத்திலும் காற்று ஐதாகி இயந்திரத்தின் வலு குறையும்போது அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

மேலே இரண்டே இரண்டு அலகுகள். நடுவில் தராசுத் தண்டு போல ஒன்று இறங்க மற்றது ஏறும் அமைப்பு. பெல் கொம்பனியில் ஆர்தர் யங் என்பவர் நாற்பதுகளில் உருவாக்கிய வழி இது. 1946 இல் சான்றிதழ் பெற்ற பெல் 47 முதல் இந்தக் குடும்பத்தின் முத்திரையும் இதுதான். எளிமையானது, பராமரிக்கச் சுலபம். ஜெட்ரேஞ்சரின் அலகுகள் பாரமானவை என்பது இன்னொரு நல்ல விடயம். ஒருமுறை சுற்ற வைத்தால் இலேசில் வேகம் குறையாது. இயந்திரம் நடுவானில் நின்றுபோனாலும் விமானி உடனே அலகுகளின் கோணத்தைக் குறைத்தால், கீழிருந்து மேலே பாயும் காற்று அவற்றைத் தொடர்ந்து சுழற்றும். நிலம் கிட்ட வரும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, கடைசி நேரத்தில் கோணத்தைக் கூட்டினால், அலகுகளில் சேமித்த சுழற்சியே ஹெலியை மெதுவாக இறக்கிவிடும். ஆங்கிலத்தில் ஓட்டோரொட்டேஷன் என்பார்கள். இதில் ஜெட்ரேஞ்சர் அளவுக்கு மன்னிக்கும் குணமுள்ள ஹெலிகள் குறைவு. பயிற்சிப் பாடசாலைகள் அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

மன்னிக்காத குணங்களும் உண்டு. தராசு போன்ற இந்தச் சுழலி, ஹெலி கீழ்நோக்கிச் சட்டென்று குனிந்து எடையற்ற நிலைக்குப் போனால் கட்டுப்பாட்டை இழந்து தண்டிலேயே மோதும். வியட்நாமில் பெல்லின் இரண்டலகு ஹெலிகள் சில அப்படி நடுவானில் உடைந்தன. இன்னொன்று வால் சுழலியின் பிடி நழுவுவது. மெதுவாகத் தாழப் பறக்கும்போது, காற்று ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து அடித்தால், மூக்கு வலப்பக்கம் தானாகச் சுழலத் தொடங்கி நிற்காது. இதை அமெரிக்க இராணுவம் ஆராய்ந்து எழுதியதே ஓ.எச்-58 விபத்துகளில் இருந்துதான்.

எங்கள் காதுகள் கேட்டது என்ன

இந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையைத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

ஜெட்ரேஞ்சரின் சுழலி நிமிடத்துக்கு 394 தடவை சுற்றுகிறது. அலகுகள் இரண்டு. கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 13 அடி. பெல் 212 இன் சுழலி பெரியது, கிட்டத்தட்ட 14.6 மீற்றர் விட்டம். நிமிடத்துக்கு 324 சுற்று. இரண்டு அலகு என்பதால் விநாடிக்கு ஏறத்தாழ 11 அடி. பெல் 412 அதே வேகத்தில் சுற்றினாலும் நான்கு அலகு, ஆகவே 21 தாண்டும். மனிதக் காது ஒரு தொடர்ச்சியான ஓசையாகக் கேட்கும் கீழ் எல்லை விநாடிக்கு 20 துடிப்பு அளவில் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் ஓசை தனித்தனி அடிகளாகப் பிரிந்துவிடும். அதனால்தான் 212 "டப், டப், டப்" என்று நெஞ்சில் இடித்தது. 412 ஓர் இரைச்சலாக வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்த எம்.ஐ-24க்கு ஐந்து அலகுகள். அது அடிக்கவில்லை, உறுமியது.

எங்கள் அம்மா படித்தது எட்டாம் வகுப்பு வரை. 212க்கும் 412க்கும் பெயர் தெரியாது. ஆனால் "இது ரெண்டு தட்டுக்காரன்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது அதன் அர்த்தம் விளங்கவில்லை.

தூரத்தில் இருந்தே கேட்டதற்கும் காரணம் உண்டு. 212 இன் அலகு நுனி விநாடிக்கு 248 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ஹெலி முன்னோக்கிப் போகும்போது, முன்னேறும் பக்கத்து அலகுக்கு அந்த வேகமும் சேரும். அது ஒலியின் வேகத்தை நெருங்கும். அப்போது எழும் அறை போன்ற சத்தம் பெரும்பாலும் முன்பக்கமாகவே பரவும். ஆகவே உங்களை நோக்கி வரும் ஹெலி, உங்களை விட்டுப் போகும் ஹெலியை விட உரக்கக் கேட்கும். ஜெட்ரேஞ்சரின் அலகு நுனி வேகம் விநாடிக்கு 210 மீற்றர் அளவுதான். அதனால் அது குடும்பத்தில் அமைதியான பிள்ளை.

இன்னொன்று, இறங்கும்போதும் திரும்பும்போதும் சத்தம் மாறுவது. ஒவ்வோர் அலகும் தனக்குப் பின்னால் ஒரு காற்றுச் சுழியை விட்டுச் செல்கிறது. நேராகப் பறக்கையில் அந்தச் சுழி கீழே போய்விடும். ஹெலி இறங்கினாலோ சாய்ந்து திரும்பினாலோ அடுத்த அலகு அந்தச் சுழியிலேயே மோதும். அந்த மோதல்தான் சவுக்கடி போன்ற அந்த அறை. "சத்தம் மாறுது, திரும்பிறான், உள்ளுக்குப் போங்கோ" என்று பெரியவர்கள் சொன்னபோது, அவர்கள் பௌதிகவியல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். தாழ்ந்த ஓசை மரம், சுவர் எல்லாவற்றையும் சுற்றி வரும். எந்தத் திசை என்று காது உடனே தீர்மானிக்க முடியாது. வெளியே ஓடி வந்து அண்ணாந்து தேடியவர்களின் குழப்பத்துக்கும் அதுவே காரணம்.

பார்க்கும் வேலை

வியட்நாமுக்கு ஓ.எச்-58 1969 இல் போனது. அங்கே நோட்ட ஹெலியின் வேலை விசித்திரமானது. அது மரநுனி உயரத்தில் மெதுவாகச் சுற்றும். மேலே சற்றுத் தள்ளி கோப்ரா தாக்குதல் ஹெலி காத்திருக்கும். கீழே இருப்பவர்கள் சின்னதைச் சுட்டால், பெரியது வந்து அந்த இடத்தை அடிக்கும். சின்னது கண்ணும் தூண்டில் இரையும் ஒன்றாக இருந்தது. கீழே இருந்தவர்களுக்கு அது வந்து சுற்றிப்போவதே அடுத்தது வரப்போகிறது என்ற செய்தி. இதற்கு மேல் எங்கள் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இந்திய இராணுவம் 1987 இல் வந்தபோது அதனிடமும் எம்.ஐ-8, எம்.ஐ-25 ஆகியவற்றோடு சேடக் என்ற சின்ன ஹெலி இருந்தது. பிரான்சின் அலூவெட் 3 ஐ இந்தியா உரிமம் பெற்றுக் கட்டியது. பெரியவற்றுக்கு ஒரு சின்னது துணை என்ற ஏற்பாடு எல்லா இராணுவங்களிலும் ஒன்றுதான்.

எண்பதுகளில் கயோவாவின் தலைக்கு மேலே ஒரு பந்து முளைத்தது. சுழலிக்கும் மேலே, கம்பத்தின் உச்சியில், தொலைக்காட்சிக் கமராவும் வெப்பக் கமராவும் லேசரும் அடங்கிய பார்வைக் கருவி. மரங்களுக்குப் பின்னால் உடலை மறைத்து, அந்தப் பந்தை மட்டும் வெளியே நீட்டிப் பார்க்கலாம். இது ஓ.எச்-58 டி. இதற்கு நான்கு அலகுச் சுழலி போட்டார்கள். 1988 இல் பாரசீக வளைகுடாவில் ஆயுதம் பூட்டிய வகைகள் பயன்பட்டன. பிறகு ஈராக், ஆப்கானிஸ்தான். 2017 இல் அமெரிக்க இராணுவம் கடைசி ஓ.எச்-58 டி ஐ ஓய்வுக்கு அனுப்பியது. அதன் இடத்துக்கு அப்பாச்சி ஹெலிகளும், அவற்றோடு இணைந்து பறக்கும் ஆளில்லா விமானங்களும் வந்தன. எங்கள் சனம் "வண்டு" என்று பெயர் வைத்தது இந்த ஆளில்லா விமானங்களுக்குத்தான். பார்க்கும் வேலை மனிதக் கண்ணிடம் இருந்து வண்டுக்கு மாறிய கதையில் ஜெட்ரேஞ்சர் குடும்பம் நடுவில் நிற்கிறது.

அந்த நான்கு அலகுச் சுழலி வீணாகவில்லை. பெல் அதை நீட்டிய ஜெட்ரேஞ்சர் உடலில் பொருத்தி 407 என்ற பொதுப் பாவனை ஹெலியாக விற்றது. இராணுவம் வேண்டாம் என்றதைப் பொதுமக்களுக்கு, பொதுமக்களுக்கு விற்றதை இராணுவத்துக்கு, மறுபடியும் பொதுமக்களுக்கு என்று இந்த இயந்திரம் இரண்டு உலகுக்கும் இடையில் போய் வந்துகொண்டே இருந்தது. 1982, 1983 இல் டிக் ஸ்மித் என்ற அவுஸ்திரேலியர் தனி ஆளாக உலகைச் சுற்றிவந்ததும் ஒரு ஜெட்ரேஞ்சரில்தான்.

திரைக்கு வந்த கதை

மைக்ரோசொப்ட் தன் பிளைட் சிமுலேற்றரில் முதன்முதலாக ஒரு ஹெலியைச் சேர்த்தது 1997 இல் வெளிவந்த 98 ஆம் பதிப்பில். அந்த ஹெலி பெல் 206பி ஜெட்ரேஞ்சர். 2006 இல் வந்த எக்ஸ் பதிப்பு வரை அது தொடர்ந்து இருந்தது. ஆகவே முப்பது, நாற்பது வயதில் இருக்கும் சிமுலேற்றர்க்காரர் எவரைக் கேட்டாலும் முதலில் விழுத்தி நொறுக்கிய ஹெலி ஜெட்ரேஞ்சர் என்றுதான் சொல்வார்.

அந்தப் பழைய மாதிரிகளின் வெளித்தோற்றம் நன்றாகவே இருந்தது. பறப்புக் கணக்கு அப்படி இல்லை. அது விமானத்துக்காக எழுதப்பட்ட கணக்கைக் கொஞ்சம் வளைத்துச் செய்தது. இயந்திரத்தை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் நிஜ ஹெலி போல நடக்காது. 2000களின் பிற்பகுதியில் டோடோசிம் என்ற சிறு குழு எக்ஸ் பதிப்புக்காக வெளியிட்ட 206 இந்தக் குறையைத் தன் சொந்தக் கணக்கால் நிரப்பியது. அதில் இயந்திரத்தைத் தொடக்குவதே ஒரு பாடம். ஸ்டார்ட்டரை அழுத்தி, சுழற்சி போதிய அளவு வருமுன் எரிபொருளைத் திறந்தால் வெப்பம் எகிறி டர்பைன் எரிந்துபோகும். சிமுலேற்றர் அதை நினைவில் வைத்திருக்கும். இன்றைக்கும் பழைய ஆட்கள் அந்த மாதிரியை மரியாதையோடு பேசுவார்கள்.

எக்ஸ்-பிளேன் வேறு வழியில் போனது. ஒஸ்டின் மேயர் எழுதிய இந்த மென்பொருள் அலகைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்று என்ன செய்கிறது என்று விநாடிக்குப் பல தடவை கணக்கிடுகிறது. சுழலும் இறக்கைக்கு இது பொருத்தமான முறை. மைக்ரோசொப்ட் 2009 இல் தன் சிமுலேற்றர் பிரிவை மூடிய பிறகு, ஹெலி ஆர்வலர்கள் பலர் இங்கேதான் குடிபெயர்ந்தார்கள். மைக்ரோசொப்ட் 2020 இல் திரும்பி வந்தபோதும் ஹெலி இல்லை. 2022 நவம்பரில்தான் சேர்த்தது. அதில் ஒன்று பெல் 407, நாம் மேலே பார்த்த அதே பேரப்பிள்ளை. ஜெட்ரேஞ்சர் வேண்டும் என்றால் கோவன் சிமுலேஷன் என்ற குழுவின் 206பி3 ஐத் தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்-பிளேனுக்கும் அவர்களது மாதிரி உண்டு.

என் கருத்தில், பறக்கப் பழகுவதற்கு எக்ஸ்-பிளேன், ஊரைப் பார்ப்பதற்கு மைக்ரோசொப்ட். இரண்டும் நல்ல வரைகலை அட்டை கேட்கும். மைக்ரோசொப்ட் அதோடு வேகமான இணையமும் கேட்கும், ஏனென்றால் நிலக்காட்சி பறக்கப் பறக்கத்தான் இறங்கும்.

மூன்றாவது, டி.சி.எஸ். இது போர் சிமுலேற்றர். பொலிசொப் என்ற குழு 2024 இல் இதற்கு ஓ.எச்-58 டி கயோவாவை வெளியிட்டது. கைவேலையாகப் பார்த்தால் இந்த மூன்றிலும் நுணுக்கமானது இதுதான். கம்பத்து உச்சியின் பார்வைக் கருவி, வெப்பக் கமரா, ஏவுகணை எல்லாம் நிஜ நடைமுறைப்படி வேலை செய்கின்றன. பறக்கும் நிலங்கள் பாரசீக வளைகுடா, சிரியா, ஆப்கானிஸ்தான். அந்தப் பெயர்களில் ஊர்களும் இருக்கின்றன. சாலைகளில் பொதுமக்களின் வாகனங்களை ஓடவிடும் வசதி இருக்கிறது. வீடுகளுக்குள் ஆட்கள் இல்லை. வெப்பக் கமராவில் வெள்ளையாகத் தெரிவது எப்போதும் எதிரிதான். ஊடகக் கற்கை வகுப்பில் கமரா எங்கே நிற்கிறது என்ற கேள்வியை மூன்று வருடம் கேட்டிருக்கிறோம். இவ்வளவு தெளிவான உதாரணம் அப்போது எவரும் காட்டவில்லை. இதற்காக இதை விளையாடக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஓர் ஊரைக் குறியாகப் பார்க்க எவ்வளவு இலேசாகப் பழகலாம் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் இதில் அரை மணித்தியாலம் இருந்து பார்க்கட்டும்.

வன்னிக்கு மேலே

மருமகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்ரோசொப்ட் சிமுலேற்றரில் பலாலியில் இருந்து கிளம்பினோம். அதில் உலகம் முழுவதும் செய்மதிப் படங்களில் இருந்து கட்டப்பட்டிருக்கிறது. வீடுகளைச் செயற்கை நுண்ணறிவு ஊகித்து நட்டிருக்கிறது. ஆனையிறவு உப்பளம், ஏ9 வீதி, இரணைமடுக் குளம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. பனை நிற்க வேண்டிய இடங்களில் வேறு ஏதோ மரங்கள் நின்றன. ஓடு போட்ட வீடு எது, தகரக் கொட்டில் எது என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

கிளிநொச்சியில் இருந்து முள்ளிவாய்க்காலுக்கு நேர்கோட்டில் 40 கிலோமீற்றர் அளவு. ஜெட்ரேஞ்சர் மணிக்கு 200 கிலோமீற்றருக்குச் சற்று மேலே பறக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் நந்திக்கடல் வந்துவிட்டது. 2009 இல் அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஜனவரியில் இருந்து மே வரை எடுத்தது. நான் அதை அவனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் வேகத்தைக் குறைத்தான்.

அவன் அப்போதுதான் வெளிப்பார்வைக்கு மாற்றினான். உள்ளே இருக்கும்போது கேட்பது இயந்திரத்தின் சீழ்க்கை. வெளியே வந்தால் அலகின் அடி. ஸ்பீக்கர் வழியாக அந்த அடி வீட்டுக்குள் போனது. குசினியில் இருந்த அம்மா வெளியே வந்து முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "உதைக் குறை, தம்பி" என்று மட்டும் சொன்னார். அவன் ஹெட்போனை மாட்டினான். இரவு சாப்பிடும்போது அவனே கேட்டான், "அம்மம்மா, ரெண்டு தட்டு எண்டு எப்படித் தெரியும்?" அம்மா மேசையில் விரலால் தட்டிக் காட்டினார், முதலில் ஒரு வேகம், பிறகு இன்னொன்று. அவன் கைப்பேசியில் நேரம் பிடித்துப் பார்த்தான். எங்கள் வீட்டில் அந்த ஆண்டுகள் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

பழக விரும்புபவர்களுக்கு

வீட்டில் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவர்கள் இருந்தால் ஹெட்போன் கட்டாயம். வெளிப்பார்வையின் ஒலியை அமைப்புகளில் தனியாகக் குறைக்கவும் முடியும்.

விசைப்பலகையால் ஹெலி ஓட்ட முடியாது. முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். மலிவான ஜோய்ஸ்டிக் ஒன்று போதும், ஆனால் அதன் தண்டு முறுக்கித் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த முறுக்குத்தான் கால் பெடலின் வேலையைச் செய்யும். ஜோய்ஸ்டிக்கின் பக்கத்தில் இருக்கும் சிறு நெம்பைக் கலெக்டிவாக வைத்துக்கொள்ளலாம். அது அலகுகள் எல்லாவற்றின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டும். தண்டு, அதாவது சைக்கிளிக், சுழலியைச் சாய்க்கும். அமெரிக்க ஹெலிகளின் சுழலி மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். எதிர்த்தாக்கத்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆகவே கலெக்டிவைக் கூட்டும்போதெல்லாம் இடப் பெடல், குறைக்கும்போது வலப் பெடல்.

காற்றை முழுதாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். முதல் நாட்களில் அந்தரத்தில் நிற்க முயலவே வேண்டாம். ஓடுபாதையில் கிளம்பி, 60 நொட் வேகத்தில் சுற்றி, ஓடுபாதையிலேயே சறுக்கி இறங்குங்கள். ஹெலி முன்னோக்கி ஓடும்போது விமானம் போல நடந்துகொள்ளும். நிற்கும்போதுதான் குதிரை போல முரண்டு பிடிக்கும். பிறகு தரையில் இருந்து மூன்று அடி, பத்து அடி. தண்டை அசைத்தால் ஹெலி ஒரு கணம் பிந்தித்தான் பதில் சொல்லும். அந்தப் பிந்துதலுக்குக் காத்திராமல் இன்னும் இழுத்தால் ஊஞ்சல் ஆடும். கண்ணை மூக்குக்கு முன்னால் வைக்காமல் தூரத்து மரம் ஒன்றில் வையுங்கள்.

நேராகக் கீழே வேகமாக இறங்க வேண்டாம். தன் சொந்தக் காற்றுச் சுழிக்குள்ளேயே ஹெலி விழும். கலெக்டிவைக் கூட்டக் கூட்ட இன்னும் வேகமாக விழும். அப்படி நடந்தால் தண்டை முன்னே தள்ளி அந்தக் காற்றை விட்டு வெளியே ஓட வேண்டும். நல்ல மாதிரிகள் எல்லாம் இதைச் சரியாகக் காட்டுகின்றன.

ஓட்டோரொட்டேஷன் பழக ஆயிரம் அடி உயரத்தில் தொடங்குங்கள், கீழே வெளியான நிலமாகப் பார்த்து. இரணைமடுவுக்கு வடக்கே வயல்கள் நல்ல இடம். இயந்திரத்தை நிறுத்தியதும் கலெக்டிவை முழுதாகக் கீழே விடுங்கள். சுழலியின் வேகம் 90 முதல் 107 வீதத்துக்குள் நிற்க வேண்டும். நூறு அடியளவில் மூக்கைத் தூக்குங்கள், வேகம் செத்ததும் ஹெலியை மட்டமாக்கிக் கலெக்டிவை மெல்லக் கூட்டுங்கள். முதல் இருபது தடவை உடையும். மருமகன் முப்பத்தியோராவது தடவை இறங்கினான், வரம்பு ஒன்றின் மேல் சற்றுச் சாய்ந்து.